ஆரியங்காவு இடம் மாறுகிறது

மே 11, 2025, ஞாயிறு
செங்கோட்டை

வீட்டை விற்க அக்ரிமெண்ட் போட்டாயிற்று. அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட, மூன்றாவதாக நானும் போட்டேன். வாங்குகிறவர்கள் ஜூன் 10-க்குள் சாவி கேட்கிறார்கள். ஆனி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்சக்கூடாது என்று என் வீட்டுக்காரி நாள் பார்த்துவிட்டு வந்தாள். ஜூன் 5, வியாழன். இருபத்தைந்து நாள் இருக்கிறது.

சாயங்காலம் அவள் உட்கார்ந்து சாமான்களுக்குப் பட்டியல் போட்டாள். பித்தளைப் பாத்திரம், படுக்கை, புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பெட்டி என்று எண் எழுதியிருந்தாள். கடைசி வரியில் "உங்க ரயில்" என்று இருந்தது. அதற்கு எதிரே எண் இல்லை.

அந்த ஒரு வரிக்குள் இருப்பது: புறவாசலில் கிணற்றையும் இரண்டு தென்னையையும் சுற்றி வரும் 36 மீட்டர் தண்டவாளம், 800 தேக்குக் கட்டை, இரண்டு பாயிண்ட், ஆரியங்காவு ஸ்டேஷன், ஒரு குகை, பதிமூன்று கண் பாலம், ஒரு டீசல் என்ஜின், ஏழு பெட்டி. 26 வருஷ வேலை. கால் வலி, மகள் பக்கத்தில் இருக்க வேண்டும், வீடு மூன்று பங்கு என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மே 13, செவ்வாய்

பேரன் போனில் கேட்டான், "தாத்தா, ரயிலைச் சின்னதா செஞ்சிருந்தா ஈசியா கொண்டு வந்திருக்கலாம்ல?" செய்திருக்கலாம். கடையில் விற்கும் சின்ன ரயில்களுக்கு இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மி.மீ. தான். ஒரு மேஜையில் ஊரையே வைத்துவிடலாம். அவனுக்கு முழுக்கதையும் நேரில் சொல்ல வேண்டும். இப்போதைக்கு இங்கே எழுதி வைக்கிறேன்.

1999-இல் மைத்துனர் ஜெர்மனியிலிருந்து வந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். எல்ஜிபி ரயில். லேமன் கம்பெனி 1968-இல் கொண்டுவந்த வகை. மழையிலும் வெயிலிலும் தோட்டத்தில் கிடக்கும்படி செய்தது. உள்ளே பன்னிரண்டு பித்தளை வளைவுகள், ஒரு குட்டி என்ஜின், இரண்டு பெட்டி. கூடத்தில் வட்டமாகப் போட்டோம். தண்டவாளங்களுக்கு இடையே அளந்தேன்: 45 மி.மீ. பெட்டியின் மேல் 1:22.5 என்று அச்சிட்டிருந்தது. 45-ஐ 22.5-ஆல் பெருக்கினேன். 1012.5 வந்தது. ஒரு மீட்டரைவிட 12.5 மில்லிமீட்டர் கூடுதல்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அது எங்கள் ரயில். மீட்டர் கேஜ். 1904-இல் போட்ட செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை. அப்பா அதில் கீமேன். தோளில் ஸ்பேனர், கையில் சுத்தியல், கக்கத்தில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். ஆரியங்காவுப் பக்கம் தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்த சாவிகளைத் தட்டி இறுக்குவதுதான் அவருடைய வேலை. இறுகிய சாவி ஒரு மாதிரியும் தளர்ந்த சாவி வேறு மாதிரியும் சத்தம் கொடுக்கும் என்று எனக்குச் சின்ன வயதில் தட்டிக் காட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தினேன். ஒலியைப் பற்றி முதல் பாடம் எனக்கு அங்கே நடந்தது.

வெளிநாட்டுத் தண்டவாளம் வாங்கிக் கட்டுப்படியாகாது. நான் 3 மி.மீ. கனம், 10 மி.மீ. உயர அலுமினியப் பட்டை வாங்கினேன். செங்கோட்டையில் மரத்துக்கா பஞ்சம்? அறுவை மில்லில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு காடி வெட்டி, பட்டையை நிறுத்தி வைத்துச் செருகினேன். நிஜ மீட்டர் கேஜ் கட்டை ஆறடி நீளம். 22.5-ஆல் வகுத்தால் 81 மி.மீ. நான் 80-க்கு அறுத்தேன்.

முதல் 10 மீட்டரை மார்கழியில் போட்டேன், பட்டைக்குப் பட்டை முட்ட வைத்து. சித்திரை மத்தியான வெயிலில் அது பாம்பு போல நெளிந்து காடியை விட்டு வெளியே வந்துவிட்டது. அப்பா அப்போது இருந்தார். திண்ணையிலிருந்து வந்து பார்த்தார். "வெயிலுக்கு எடம் விடாம போட்டா அது எங்கல போகும்?" என்றார். 12 அடிப் பட்டை 35 டிகிரி சூட்டுக்கு 3 மி.மீ. நீளும். கணக்கு எனக்குத் தெரியும். வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டதுதான். ஆனால் இடம் விட வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

மே 17, சனி

பிரிக்கும் முன்னால் அளவெடுப்பு. போட்டோ மட்டும் போதாது. தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை ஒரு முனையில் பேரன் பிடிக்க, நான் அரை மீட்டருக்கு ஒரு புள்ளியில் உயரம் குறித்தேன். 72 புள்ளி. லீவுக்கு வந்திருக்கிறான், பொறுமையாகப் பிடித்தான்.

குறித்த பிறகுதான் தெரிந்தது, வடக்குப் பக்கம் தரை 14 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. தென்னை வேர் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் வண்டி கொஞ்சம் திணறும், நான் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டைகளுக்குப் பெயிண்ட் பேனாவால் எண் போட ஆரம்பித்து 120-உடன் நிறுத்தினேன். கட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி, எண் வேண்டாம். பாயிண்டின் நாக்குகளுக்கும் அவற்றுக்கு அடியில் வரும் நீளக் கட்டைகளுக்கும் மட்டும் எண் போட்டேன்.

மே 18, ஞாயிறு

தண்டவாளம் முழுவதும் ஒரே நாளில் வந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. ஐந்து கட்டைக்கு ஒன்று வீதம் பித்தளைத் திருகாணி போட்டு அடியில் இருக்கும் கான்கிரீட் பட்டையில் பிடித்திருந்தேன். துளி எண்ணெய் விட்டதும் திருகாணிகள் சுழன்றன. 160-இல் உடைந்தவை நான்கு. இரும்புத் திருகாணி போட்டிருந்தால் துரு பிடித்து ஒன்றும் வந்திருக்காது. அந்தக் காலத்தில் பித்தளைக்குக் காசு கொடுக்க யோசித்து யோசித்து வாங்கினேன்.

மே 22, வியாழன்
பாளையங்கோட்டை

வாடகை வீட்டைப் பார்த்தோம். தரைத்தளம், மகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். என் வீட்டுக்காரி அடுப்படியைப் பார்த்தாள், நான் பின்பக்கம் போனேன். பின்பக்கம் இல்லை. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். டேப் வைத்தேன்: அகலம் 1.1 மீட்டர், நீளம் 11 மீட்டரும் கொஞ்சமும்.

ஜெர்மன் பெட்டியில் வந்த மிகச் சிறிய வட்டத்துக்கே 60 செ.மீ. ஆரம், குறுக்கே 1.2 மீட்டர். அதுகூட இங்கே உட்காராது. சுற்றி வரும் பாதைக்கு வழியே இல்லை.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். "சுவத்துல ஆணி அடிக்காதீங்க, தரையில சிமிண்டு போடாதீங்க, மத்தபடி ஒங்க இஷ்டம் சார்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நான் பேசவில்லை. ஆலங்குளம் தாண்டியதும் அவள், "என்னங்க, வேண்டாம்னு சொல்லிருவோமா?" என்று கேட்டாள். அடுப்படி அவளுக்குப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு
செங்கோட்டை

நேற்றே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 1. இவ்வளவு சீக்கிரம் வருவது 2009-க்குப் பிறகு இப்போதுதானாம். கணவாய்க்குள் இருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டு வருகிறது. சாரல் நிற்கவில்லை.

புறவாசலில் இனி மிச்சம் இருப்பது பாலமும் குகையும்.

கழுதுருட்டிப் பக்கத்தில் இருக்கும் நிஜப் பாலம் நூறு மீட்டருக்கு மேல் நீளம். என் அளவில் நாலரை மீட்டர் வேண்டும். இடம் இல்லை. நீளத்தைப் பாதிக்கும் கீழே, 2 மீட்டருக்குள் அடக்கினேன். ஆனால் கண்களைக் குறைக்கவில்லை. பதிமூன்றும் இருக்கின்றன. நாலு அங்குல பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, கவிழ்த்து வைத்து, அதன் மேல் கான்கிரீட் ஊற்றி, பாதி இறுகும்போது ஆணியால் கீறிக் கீறிக் கல்வரிசை கொண்டுவந்தேன். இருபது சாரல் பார்த்த பாசி அதில் ஏறியிருக்கிறது. எந்தப் பெயிண்டும் அந்தப் பச்சையைத் தராது. இரண்டு பக்கமும் கீழாநெல்லி தானாக முளைக்கும். ஒரு சாண் கீழாநெல்லி இந்த அளவில் ஐந்து மீட்டர் மரம். இலைவரிசை கச்சிதமாக மரத்தின் இலைவரிசைதான். மரவட்டைகள் மட்டும் தொந்தரவு. சாரல் காலத்தில் தண்டவாளத்தில் ஏறிச் சுருண்டு கிடக்கும். குச்சியால் ஒதுக்கிவிட்டுத்தான் வண்டியை விட வேண்டும்.

இதைச் செய்தபோது ஒரு தப்புச் செய்தேன். அடித்தளத்தோடு சேர்த்து ஒரே வார்ப்பாக ஊற்றினேன். வீடு மாறுவேன் என்று அன்றைக்கு நினைக்கவே இல்லை.

மே 27, செவ்வாய்

கொத்தனார் வந்து கடப்பாரையை அடியில் கொடுத்து மெல்ல நெம்பிப் பார்த்தார். ஏழாவது கண்ணின் உச்சியில் மயிரிழை விரிசல் ஓடியது. உடனே நிறுத்தச் சொன்னேன். "நூறு கிலோ இருக்கும் சார். தூக்குனா நடுவுல முறிஞ்சிரும். அறுத்திருவோமா?" என்றார்.

அறுப்பதா விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நிஜப் பாலம் நினைவுக்கு வந்தது. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தி, தண்டவாளத்தை எல்லாம் எடுத்துவிட்டுப் போனார்கள். எட்டு வருஷம் அந்தப் பாதை வெறிச்சென்று கிடந்தது. 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தபோது பதிமூன்று கண்ணும் அதே இடத்தில் நின்றன. அவற்றின் மேல்தான் வண்டி போயிற்று. என் பாலத்தின் மேலும் வண்டி போக வேண்டும். அறுக்கச் சொன்னேன்.

டைல் வெட்டும் மெஷினால் தூண்களின் நடுவே அறுத்தார். நான்கு கண், ஐந்து கண், நான்கு கண் என்று மூன்று துண்டு. நடுத்துண்டில்தான் விரிசல். அறுக்கும்போது ஒரு தூணின் மூலை சிதறியது. சிதறிய சில்லுகளைப் பொறுக்கி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். பாசி காயாமல் இருக்க மூன்று துண்டையும் ஈரச் சாக்கில் சுற்றியாயிற்று.

குகை வரவில்லை. மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதன் முகப்புக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

கட்டும் வேலை. பெட்டிகளைச் சக்கரம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் லாரிக் குலுக்கலில் அச்சு வளையும். எல்லாவற்றையும் பக்கவாட்டில் படுக்கவைத்து, கொக்கியில் பாரம் விழாமல், அவளுடைய பழைய வாயில் சேலையால் சுற்றி, அரிசி அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். சேலைகளை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஏழில் ஒன்றுக்குச் சுங்குடி கிடைத்தது.

என்ஜினிலிருந்து லித்தியம் பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் விட்டு, முனைகளில் டேப் ஒட்டினேன். அதை லாரியில் ஏற்ற மாட்டேன். என் பையில்தான் வரும். பேட்டரியில் ஓட்டும் பழக்கம் அலுமினியத்தால் வந்தது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரண்டை ஒழுங்காகக் கடத்தாது. அதனால் தண்டவாளத்தை நம்பாமல் வண்டிக்குள்ளேயே பேட்டரியை வைத்தேன். இன்றைக்கு அதே பழக்கம் உதவுகிறது. புது இடத்தில் ஒயர் ஒன்றும் இழுக்க வேண்டியதில்லை.

ஜூன் 5, வியாழன்
பாளையங்கோட்டை

விடியும் முன்பே கிளம்பிவந்து பால் காய்ச்சிவிட்டோம். பத்து மணிக்குச் சாமான் வண்டி வந்தது. பெரிய வண்டி ஒன்று, குட்டி யானை ஒன்று.

செங்கோட்டையில் குட்டி யானைக்காரர் ஆட்டுக்கல்லையும் பாலத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணுதான் ஏத்த முடியும், பின்னாடி தாங்காது" என்றிருக்கிறார். ஆட்டுக்கல் அவளுடைய அம்மா வீட்டுச் சீதனம். நான் அங்கே இல்லை, தம்பி இருந்தான். அவன் போன் போட்டான். நான் பேசும் முன்னால் அவள் வாங்கி, "ரெண்டும் வரணும் கொழுந்தனாரே. இன்னொரு நடை ஆனாலும் சரி" என்றாள். இரண்டும் வந்தன. ஒரு நடைக்குக் கூடுதல் காசு.

இறக்கும்போது ஒரு ஆள் கைதவறி ஸ்டேஷன் கட்டடத்தைப் போட்டுவிட்டார். ஓட்டுக்கூரை போயிற்று. அவரைத் திட்ட மனம் வரவில்லை. காலையிலிருந்து ஆட்டுக்கல் தூக்கிய கை அது.

பாசி உயிரோடு இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

நான்கு நாளாகச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 36 மீட்டரை எப்படி இதற்குள் மடக்குவது என்று நோட்டில் ஏழு படம் போட்டுக் கிழித்தேன். இன்று காலை அப்பாவின் நடை ஞாபகம் வந்தது. அவர் வட்டமாக நடந்ததில்லை. ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போவார், திரும்புவார். வட்டத்தில் ஓடும் வண்டிக்குப் போய்ச் சேர ஊர் கிடையாது. 26 வருஷமாக என் வண்டி ஆரியங்காவில் புறப்பட்டு ஆரியங்காவுக்கே வந்துகொண்டிருந்தது.

சந்துக்கு இரண்டு முனை இருக்கிறது. கிழக்கு முனை ஆரியங்காவு. மேற்கு முனை தென்மலை. நடுவில் பாலம்; நிஜத்திலும் அது அந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில்தான். என் அலுமினியப் பட்டை 3.66 மீட்டர், மூன்று பட்டை வைத்தால் 11 மீட்டர். ஒன்றையும் அறுக்க வேண்டியதில்லை.

வளைவுக் கணக்கும் பார்த்தேன். மீட்டர் கேஜில் அனுமதித்த அதிகபட்ச வளைவு 16 டிகிரி. அதாவது 109 மீட்டர் ஆரம். என் அளவில் கிட்டத்தட்ட 4.85 மீட்டர். பழைய புறவாசலில் நான் போட்டது ஒன்றரை மீட்டர். எங்கள் மலைப்பாதையில் அப்படி ஒரு வளைவுக்கு அனுமதியே கிடையாது. இங்கே 5 மீட்டர் ஆரத்தில் இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம் வைத்தால் பாதை 20 செ.மீ. மட்டும் விலகும். 40 செ.மீ. பலகையில் அது அடங்கும். மீதி 70 செ.மீ. ஆள் நடக்க. சந்துக்குள்தான் எனக்கு நிஜ வளைவு கிடைத்திருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

ஹாலோ பிளாக் கற்களை சிமெண்ட் இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி, மேலே சிமெண்ட் போர்டு போட்டேன். சுவரில் ஆணி இல்லை, தரையில் பூச்சு இல்லை. உயரம் 70 செ.மீ. நின்றுகொண்டே வேலை பார்க்கலாம்; முட்டி பிழைத்தது. உட்கார்ந்தால் என் கண் பாலத்தின் மட்டத்துக்கு வருகிறது. கண்களுக்கு உள்ளே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. குனிந்து மேலிருந்தே பார்த்துப் பழகியவனுக்கு இது புதுசு.

ஏற்றம்: இரண்டு முனையிலும் ஸ்டேஷனுக்கு 2 மீட்டர் மட்டம். பாலம் 2 மீட்டர் மட்டம், அது அப்படித்தான் வார்த்தது. மிச்சம் 5 மீட்டரில் 40-க்கு 1 வீதம் 12.5 செ.மீ. ஏறுகிறது. மட்டக்குழாயைப் பேரன்தான் பிடித்தான்.

பாயிண்ட் என்னிடம் இரண்டுதான். இரண்டு முனையிலும் என்ஜினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவர நான்கு வேண்டும். அதற்கு நீலகிரி ரயில் வழி சொன்னது. அங்கே என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். என் என்ஜினும் தென்மலைப் பக்கமே நிற்கட்டும். பாயிண்ட் இரண்டும் ஸ்டேஷனுக்கு ஒன்றாக, சரக்குப் பெட்டி ஒதுக்க.

பாலத்தின் மூன்று துண்டையும் சேர்த்து வைத்தாயிற்று. ஒட்டவில்லை. அடியில் இரும்புப் பட்டை கொடுத்துத் திருகாணி போட்டிருக்கிறேன். இனி எதையும் வார்க்க மாட்டேன்.

ஜூன் 18, புதன்

பாளையங்கோட்டை வெயிலுக்குப் பாசி பழுப்பாகிவிட்டது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். நடுத்துண்டின் வடக்குப் பக்கம் மட்டும் பச்சை நிற்கிறது. மேல் வீட்டு அம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன சார் கட்டுதீங்க?" என்று கேட்டார்கள். "ஆரியங்காவு" என்றேன். அவர்களுக்குப் புனலூர்ப் பக்கமாம். இறங்கி வந்து கண்களை விரல் வைத்து எண்ணினார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

244 கட்டை போட்டாயிற்று. மீதி 556 கட்டிலுக்கு அடியில் சாக்கில் இருக்கிறது. தண்டவாளத்தில் இணைப்புக்கு இணைப்பு 3 மி.மீ. இடம் விட்டிருக்கிறேன்.

காலை 6.40-க்கு, வெயில் சந்துக்குள் இறங்கும் முன், தென்மலையிலிருந்து முதல் வண்டி புறப்பட்டது. டீசல் என்ஜின் ஒன்று, முன்னால் இரண்டு பெட்டி. பேரன் பச்சைத் துணி காட்டினான். அவள் காபித் தம்ளரோடு பாலத்துக்கு எதிரே நின்றாள். 9 மீட்டர் ஏற 36 விநாடி. நிஜ அளவில் மணிக்கு 20 கிலோமீட்டர். விரிசல் விட்ட ஏழாவது கண்ணின் மேல் போகும்போது காதை வைத்துக் கேட்டேன். சத்தம் மாறவில்லை. 6 மணி 40 நிமிஷம் 36 விநாடிக்கு வண்டி ஆரியங்காவு வந்து சேர்ந்தது.